மிதிவண்டி மக்கள் வண்டியான வரலாறு



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. அதன் வாயிலில் தண்ணீர் நிறைந்த தகரத் தொட்டி ஒன்று. காற்றுப்போன டியூபைக் கடைக்காரர் அந்நீரில் அமிழ்த்துவார். ஓட்டை உள்ள இடத்தில் குமிழிகள் எழும். அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, சிறு ரப்பர்த் துண்டை ஒட்டி, கால் மணி நேரத்தில் வண்டியைத் தந்துவிடுவார். அன்று அது எனக்கு வெறும் வேடிக்கை. மிதிவண்டியின் வரலாற்றைப் பின்னர்ப் பயின்றபோதுதான், அந்தத் தகரத் தொட்டிக்குப் பின்னே முக்கால் நூற்றாண்டு முயற்சி இருப்பதை உணர்ந்தேன்.

ஒரு பொறியைக் கண்டுபிடிப்பது வேறு. அதனை எல்லோரும் நாள்தோறும் கையாளத் தக்கதாக ஆக்குவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை மிதிவண்டியைப் போல் தெளிவாகக் காட்டும் பொருள் பிறிதொன்று இல்லை எனலாம்.

1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர் இரு சக்கர மரவண்டி ஒன்றில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தியவாறு சுமார் 7 கிலோமீட்டர் சென்று திரும்பினார். அதற்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. 1815-இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே தோன்றாமல் பயிர்கள் அழிந்தன. குதிரைத் தீவனம் அரிதாயிற்று. அதனாலேயே அவர் குதிரைக்கு மாற்றுத் தேடினார் என்று கருதுவோரும் உளர். ஆனால் அக்காலச் சாலைகளோ குண்டும் குழியுமானவை. ஓட்டியவர்கள் நடைபாதையில் ஏறினர், நடப்போர் முறையிட்டனர், பல நகரங்கள் தடை விதித்தன. நல்ல பொறி இருந்தும் அதற்கேற்ற பாதை இல்லை. இதனை நினைவிற் கொள்ளுங்கள். இறுதியில் இதற்கே திரும்பி வருவோம்.

1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தோடு மிதிகளைப் பொருத்தினார்கள். இரும்புப் பட்டை இட்ட மரச்சக்கரங்கள் கல் பாவிய தெருவில் ஓடியபோது உடல் முழுவதும் அதிர்ந்தது; ஆங்கிலேயர் அதற்கு ‘எலும்பு குலுக்கி’ என்றே பெயரிட்டனர். மிதியை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறைதானே சுற்றும்? ஆகவே வேகம் வேண்டியவர்கள் முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயினர். 1870-களில் அது ஓர் ஆள் உயரத்தை நெருங்கிற்று. ஒரு கல் தடுக்கினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். துணிச்சல் மிக்க இளைஞரின் விளையாட்டுப் பொருளாகவே அது நின்றது. முதியவரும் பெண்களும் அதனை வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி. 1885-இல் அவர் செய்த ‘ரோவர்’ வண்டியில் சக்கரங்கள் ஏறக்குறைய ஒத்த அளவின. மிதியின் விசை சங்கிலி வழியே பின்சக்கரத்தை அடைந்தது. முன்னே பெரிய பல்சக்கரம், பின்னே சிறியது. எனவே மிதி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பின்சக்கரம் ஒரு முறைக்கு மேல் சுழலும். வேகத்திற்காக உயரத்தில் ஏற வேண்டிய தேவை ஒழிந்தது. நின்றால் காலைத் தரையில் ஊன்றலாம்.

1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் செய்தார். 1845-லேயே தாம்சன் என்பவர் இக்கருத்துக்கு உரிமம் பெற்றிருந்தார். ஆயினும் அதற்கேற்ற வண்டி அன்று இல்லாமையால் உலகம் அதனை மறந்துவிட்டது. அதிர்ச்சி தணிந்தது, புதிய தொல்லையொன்று பிறந்தது. டயரைச் சக்கரத்தோடு ஒட்டியிருந்தமையால், முள் குத்தினால் செப்பனிடப் பல மணி நேரம் ஆயிற்று. 1891-இல் பிரான்சு நாட்டு மிஷ்லேன் சகோதரர்கள், கழற்றி மாட்டத் தக்க டயரைச் செய்தனர். எங்கள் ஊர்த் தகரத் தொட்டிக்கு வழி பிறந்தது அன்றுதான்! பழுதை எளிதில் நீக்கலாம் என்ற நிலை வந்த பிறகே, ஏழைத் தொழிலாளி ஒருவர் அதனை நம்பி வேலைக்குப் புறப்பட முடிந்தது.

ஆயினும் பொறி முழுமை பெற்றால் போதுமா? என் தமக்கையார் அந்த வாடகைக் கடையில் சைக்கிள் எடுக்க விரும்பினார். பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று வீட்டார் தடுத்தனர். உயர்நிலைப் பள்ளி ஐந்து மைலுக்கு அப்பால் இருந்தது; அவர் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஸ்டார்லியும் டன்லப்பும் நீக்க முடியாத தடை அது.

அத்தடையை நீக்கக் கிளம்பியது புதுக்கோட்டை மாவட்டம். 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதனோடு இணைத்தார். கல்லுடைக்கும் பெண்களும் செவிலியரும் ஆசிரியைகளும் ஓட்டக் கற்றனர். பெண்களுக்குரிய வண்டிகள் போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதுவே மேல் என்றோரும் உண்டு! பேருந்துக்குக் காத்திராமல் தண்ணீர் கொணரவும், விளைபொருளை விற்கவும், பள்ளிக்குப் போகவும் அவர்களால் இயன்றது.

இன்று தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்குகிறது. எரிபொருள் வேண்டாத, புகை கக்காத ஊர்தி அது. ஆனால் விரைந்தோடும் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே பிள்ளையை அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனரே! 1817-இல் டிரைஸுக்கு நேர்ந்த குறை இன்னும் தீரவில்லை. நெதர்லாந்து நாட்டில் 1970-களில், சாலை விபத்துகளில் குழந்தைகள் மடிவதைப் பொறாத மக்கள் கிளர்ந்தெழுந்தனர்; அதன் பின்னரே அங்குத் தனிப்பாதைகள் பெருகின.

சக்கரத்தையும் சங்கிலியையும் டயரையும் முன்னோர் திருத்தித் தந்தனர். பாதையைத் திருத்தும் பணி எஞ்சியிருக்கிறது. நாளை பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் ஆகப்போகிற உங்களில் யாரேனும் அதனை முடித்துவைத்தால், என் தமக்கையாரின் பேத்தி அச்சமின்றிப் பள்ளி செல்வாள்.