வேளாங்கண்ணி: உயிர்காப்பு வேண்டுதல்

தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா பேராலயத்தில் கருவுற்றோர், கைக்குழந்தைகள், நோயாளிகள், கடலோடிகள் ஆகியோரின் உயிர்காக்க நிகழும் செபமரபு. ஊரின் மூலக்கதைகளே இதன் வேர். பால் கொண்டுபோன சிறுவனுக்கு குளத்தருகே மாதாவின் காட்சி. நடுத்திட்டு என்னும் இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கு நடை. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளுக்குக் கரை. மூன்றிலும் காக்கப்படுவோர் எளியவர்களே என்பது கவனத்துக்குரியது.

பிள்ளைப்பேறு வேண்டுவோர் சிறு மரத்தொட்டிலை மஞ்சள் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகின்றனர். பிள்ளை பிறந்தபின் முடியிறக்க வருகின்றனர். நோய் தீர்ந்தோர் கண், கை, கால் வடிவ வெள்ளித் தகடுகளைக் காணிக்கையாக்குவர். மணற்பாதையில் முழந்தாளிட்டே செல்வோரும் உண்டு. காவிரி டெல்டாவின் இந்துக் குடும்பங்களும் இவ்வேண்டுதல்களில் மனமாரப் பங்கேற்கின்றன.

திருச்சபை அளவில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 மார்ச் 25-இல் வெளியிட்ட மனித உயிர் பற்றிய சுற்றுமடல், பிறவாத குழந்தைகளையும் ஏழைகளையும் முதியோரையும் மரியாவிடம் ஒப்படைக்கும் செபத்துடன் முடிகிறது. வேளாங்கண்ணியின் தொட்டில்கள் அதற்கு நெடுங்காலம் முந்திய மக்கள் வழக்கம்.

1962-இல் இக்கோயில் பேராலயத் தகுதி பெற்றது. ஆண்டுத் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, மரியாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8-இல் நிறைவுறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கடற்கரையில் திருப்பயணிகள் பலரைக் கொண்டுபோனது. ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களுக்காகச் செபம் நடைபெறுகிறது.