நூற்றுக்கணக்கான களஞ்சியங்கள், ஒரே பட்டியல்

2008 அக்டோபரில் ஆண்ட்ராய்டின் மூல நிரலை கூகுள் திறந்துவிட்டபோது, கூடவே ‘ரெப்போ’ என்ற பைத்தான் கருவியும் வெளிவந்தது. பல கிட் களஞ்சியங்களில் பிரிந்து கிடந்த நிரலை ஒரே கட்டளையில் இறக்கித் தரும் வசதி என்றுதான் அதைப் பலர் நினைக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை என்றால் சில வரி ஷெல் ஸ்கிரிப்டே போதும். ரெப்போவின் சாரம் அது படிக்கும் மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் பட்டியலில் இருக்கிறது. களஞ்சியத்தின் பெயர், வட்டில் அது இறங்க வேண்டிய இடம், பின்தொடர வேண்டிய கிளை ஆகியவற்றை அந்தப் பட்டியல் சொல்லும். பட்டியலும் ஒரு கிட் களஞ்சியத்தில்தான் இருக்கிறது. எனவே எந்தப் பகுதி எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்பதற்கும் வரலாறு உண்டு.

ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொன்றை இணைக்கும் சப்மாட்யூல் வசதி கிட்டிலேயே 2007 முதல் இருந்ததே என்று கேட்கலாம். சப்மாட்யூல் ஒரு குறிப்பிட்ட கமிட்டைப் பிடித்துக்கொள்ளும்; உள்ளே நிரல் மாறும்போதெல்லாம் தாய்க் களஞ்சியத்திலும் அதைப் பதிய வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் நிரல் சேர்க்கும் திட்டத்தில் தாய்க் களஞ்சியமே நெரிசலாகிவிடும். மேனிஃபெஸ்ட் கிளையின் பெயரைச் சொல்வதால், ‘ரெப்போ சிங்க்’ என்று தட்டினால் அன்றைய நுனி வந்து சேரும். அப்படியானால் நேற்றைய நிலையை எப்படி மீட்பது? பட்டியலில் கிளைகளுக்குப் பதில் கமிட் எண்களை எழுதி உறையவைக்கும் வழியும் ரெப்போவில் உண்டு.

அடுத்த மறுப்பு கனமானது. கூகுளின் பெரும்பாலான உள் நிரல் ஒரே களஞ்சியத்தில்தான் இருக்கிறது: 2015 ஜனவரிக் கணக்குப்படி சுமார் 200 கோடி வரிகள், 86 டெராபைட். அதே வழியை ஆண்ட்ராய்டுக்கும் ஏன் பின்பற்றவில்லை? கிட் அவ்வளவு பெரிய களஞ்சியங்களுக்காக எழுதப்பட்டதல்ல என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது உரிமை. லினக்ஸ் கர்னல், எஸ்கியூலைட் போன்றவை வெளியிலிருந்து வந்தவை. கைபேசி நிறுவனங்களோ தங்களுக்கு வேண்டிய பகுதிகளை மாற்றிக்கொள்பவை. பொதுப் பட்டியலின் மேல் தாங்களே வைத்துக்கொள்ளும் உள்ளூர் மேனிஃபெஸ்டில் ஓரிரு வரிகளை எழுதினாலே கூகுளின் களஞ்சியம் போய் அவர்களுடையது வந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு: இரு களஞ்சியங்களைத் தொடும் மாற்றத்தை ஒரே கமிட்டாகச் சேர்க்க முடியாது; நிரல் மதிப்பாய்வுக் கருவியான கெரிட்டில் ஒரே தலைப்பில் கட்டித்தான் அனுப்ப வேண்டும். பல கைகளில் இருக்கும் நிரலுக்கு அந்த விலை தகும். ஒரே குழு எழுதும் நிரலையும் இப்படிக் கூறுபோட்டால், ஆண்ட்ராய்டின் சுமை மட்டும்தான் மிஞ்சும், பலன் வராது.