இத்தாலியர் யாவர்?

நம் சங்கத்தார் குல வரலாறு ஒன்று தொகுத்து அச்சிடக் கருதியிருப்பதை அன்பர்கள் அறிவார்கள். நம் குலத்தார் ஓரிடத்தே தோன்றி, ஒரே குருதியினராய், இன்றளவும் கலப்பின்றி வருபவர் என்று அந்நூலின் முதற்பக்கத்திலேயே பொறிக்கவேண்டுமெனச் சிலர் விழைகின்றனர். வேறு சிலர் ஒருபடி மேற்சென்று, தாய்வழியில் வேற்றுக் குலத்தொடர்பு உடையாரை உறுப்பினர் ஏட்டிற் சேர்த்தல் தகுமோ என்று வினவுகின்றனர். இவ்விரண்டனையும் பற்றி எம் கருத்தை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தனர். தமிழாசிரியரை மேடையிற் பேசவிட்டால் பொழுது போதாது, எழுதவிட்டாற் பக்கம் குறித்து நிறுத்தலாம் என்று எண்ணினர்போலும்!

நம் குலத்தை நாமே எடைபோடப் புகின் தராசு ஒருபுறம் சாயும். ஆதலின் பிறிதொரு மக்களை முன்னிறுத்தி ஆராய்தல் நன்று எனத் துணிந்தோம். தம் குலப்பெருமையைக் காவியமாகவே பாடுவித்துக்கொண்டவரும், அந்நிலையிலேயே பலபடக் கலந்தவருமாகிய இத்தாலியரைத் தேர்ந்தோம். அவர் நமக்கு முற்றும் அயலாரும் அல்லர். நம் சேதராப்பட்டிலிருந்து புறப்பட்டுப் புதுச்சேரி நகரைக் கடந்து தெற்கே சென்றால், அரியாங்குப்பத்தாற்றின் கரையில், வீராம்பட்டினத்தை அடுத்துள்ள அரிக்கமேட்டில் அவர் நாட்டு மட்கலங்கள் மண்ணுட் புதைந்து கிடந்தன.

அம்மேட்டிற் கிடைத்த மணியொன்றில் உரோமப் பேரரசன் அகுஸ்துவின் முகம் பொறிக்கப்பட்டிருப்பதாக 1937 ஆம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டுரைத்தார். 1945 இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அவ்விடத்தை முறையே அகழ்ந்தனர். மது கொணர்ந்த இருபிடிச் சாடிகளும், செம்மெருகு ஏறிய உண்கலங்களின் ஓடுகளும், நம்மவர் பெயர்களைத் தமிழிலும் பிராகிருதத்திலும் கீறிய ஓடுகளும் அங்கே கலந்து கிடைத்தன. கிரேக்க மாலுமிகளின் வழிநூலாகிய பெரிப்ளூஸ் கூறும் பொதுகே என்னும் துறை இதுவே என்பர். செம்மெருகு ஓடுகளில் மூன்றில் குயவர் முத்திரைகள் காணப்பட்டன. அவை வீபியே, கமூரி, இத்தா எனப் படிக்கப்பட்டன. இவ்வகைக் கலத்திற்குப் பேர்போன ஊர் இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள அரெஸ்ஸோ ஆகும்.

நம் சங்கப் புலவர் இவற்றைக் கொணர்ந்தாரை யவனர் என்றனர். புறநானூற்றில் யவனர் தேறல் வருகின்றது. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவைவிளக்கு எரிகின்றது. முல்லைப்பாட்டில் யவனர் பாசறை காக்கின்றனர். யவனர் என்பது ஆசியாக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கரின் பெயரினின்று வந்த சொல். நம்மவர் அதனை மேற்கிலிருந்து வந்தார் அனைவர்க்கும் பொதுவாக்கினர். இது பிழைபோலத் தோன்றும். ஆயினும் அவ்வோட்டின் பிறப்பை ஆராய்வார்க்கு நம் புலவர் கூற்றே பொருந்துவதாகப் படும். எங்ஙனமெனின், அரெஸ்ஸோ உரோமர் கட்டிய ஊர் அன்று. எத்ரஸ்கர் என்னும் பழங்குடியாரின் நகரம். வீபியர் என்னும் பெயரும் உரோமர்க்கே உரியதன்று. ஒஸ்கர் என்னும் மலைக்குடியாரிடத்தும் எத்ரஸ்கரிடத்தும் வழங்கியது. களத்தின் தலைவன் இலத்தீன் பேசும் உரோமக் குடிமகன். களிமண் பிசைந்து கலம் வனைந்த அடிமைகளோ பெரும்பாலும் கிரேக்கப் பெயரினர். அவ்வூரில் பெரன்னியு என்பானுடைய களத்தில் உழைத்தவர் கெர்தோ, நிக்கெபோரு, பிலாதெஸ் எனத் தம் பெயரைக் கலத்தின்மேற் பொறித்திருக்கின்றனர். ஒரு கிண்ணத்திலேயே மூவகை மக்கள் இருக்கின்றனர் என்பது கருதத்தக்கது.

இனி, அவ்வெத்ரஸ்கர் எங்கிருந்து வந்தனர்? இவ்வினாவிற்கு ஈராயிரத்து நானூறு ஆண்டுகளாக விடை கூறிவருகின்றனர். சரித்திரத்தின் தந்தை எனப்படும் எரோதோத்து ஒரு கதை கூறுகின்றார். ஆசியாவிலுள்ள இலிதியா நாட்டிற் பஞ்சம் வந்ததாம். மக்கள் ஒருநாள் முழுதும் சூதாடிப் பசியை மறப்பதும், மறுநாள் உண்பதுமாகப் பதினெட்டாண்டு கழித்தனராம். பின்னும் பஞ்சம் தீராமையின் அரசன் சீட்டுப்போட்டு, பாதி மக்களைத் தன் மகனோடு கலமேற்றி அனுப்ப, அவர் இத்தாலியில் இறங்கினராம். பின்வந்த தியோனீசியு என்பார் இதனை மறுத்து, அவர் அம்மண்ணிலேயே தோன்றியவர் என்றார். இவ்விருவரும் அலிக்கர்னாசு என்னும் ஓரூரிற் பிறந்தவர் என்பது வேடிக்கை. நம் நாட்டுக் குலக்கதைகளிலும் வடக்கிருந்து வந்தோர் கட்சியும் மண்ணின் மைந்தர் கட்சியும் இவ்வாறே நிற்பதை அன்பர்கள் அறியாதவரல்லர்.

இவ்வழக்கிற்குப் புதிய சான்று 2021 இல் வெளிவந்தது. பழைய கல்லறைகளிற் கிடைத்த 82 பேரின் எலும்பிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தனர். எத்ரஸ்கரின் உடல்மரபு அயலிலிருந்த இலத்தீனர் மரபினையே ஒத்திருந்தது. பழைய வேளாண்குடிகளும், வடக்கே புல்வெளிகளிலிருந்து வந்த குடிகளும் இருதிறத்தாரிடத்தும் கலந்திருந்தனர். ஆசியாவிலிருந்து அண்மையிற் பெயர்ந்து வந்தமைக்குச் சான்று தோன்றவில்லை. ஆனால் எத்ரஸ்க மொழியோ இலத்தீனுக்கு உறவே அன்று! ஆகவே, மொழி வேறாயின் குருதியும் வேறு என்று துணிதல் பொருந்தாது. எம்போன்ற மொழியாசிரியர் இதனைச் சற்று வருத்தத்தோடுதான் ஏற்கவேண்டியிருக்கின்றது. உரோமாபுரியைச் சுற்றிக் கிடைத்த 127 பேரைக் குறித்து 2019 இல் வந்த ஆராய்ச்சி மற்றொன்றைக் கூறுகின்றது. பேரரசுக் காலத்தில் அந்நகரத்தார் குருதியில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரை நாடுகளின் சாயல் மிகுந்துவிட்டது. வணிகராயும் அடிமைகளாயும் வந்தோர் அங்கேயே மணந்து, மக்களைப் பெற்று, உரோமராயினர்.

நம் நாட்டைக் குறித்தும் இத்தகைய ஆராய்ச்சி உண்டு. இந்தியக் குலங்கள் பெரும்பாலனவற்றில் வடபால் மரபும் தென்பால் மரபும் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை கலந்தன என்றும், தம்முள்ளேயே மணந்துகொள்ளும் வழக்கம் அதன்பின்னரே இறுகியது என்றும் 2013 இல் வெளியிட்டனர். அரிக்கமேட்டிற் கலம் இறங்கிய நாளில் இக்கலப்பு முற்றும் ஓய்ந்திலது. குல வரலாற்றின் முதற்பக்கத்தில் "கலப்பின்றி" என்னும் சொல்லை அச்சிட யாம் இசையோம்.

இத்தாலி என்னும் பெயரும் முதலில் அந்நாட்டின் தென்கோடி ஒன்றற்கே உரியதாயிருந்தது. தென்கரையிற் கிரேக்கர் நகரங்கள் அமைத்தனர். வடக்கே போ ஆற்றுச் சமவெளியைக் கௌலர் பற்றியிருந்தனர். இடையே இலத்தீனர், சபீனர், உம்பிரியர், ஒஸ்கர் எனப் பலர். உரோமர் இவர்களை வென்றனர்; படைக்கு ஆள் கொண்டனர்; குடியுரிமை கொடுத்திலர். கி.மு. 91 இல் நட்புநாட்டார் பலர் சினந்தெழுந்து போர் தொடுத்தனர். அவர்கள் அடித்த நாணயத்தில் காளையொன்று உரோமாபுரியின் ஓநாயைக் கொம்பினாற் குத்துகின்றது; விதேலியு என்று இத்தாலியின் பெயர் ஒஸ்க மொழியில் எழுதப்பட்டுள்ளது. இத்தாலி என்பது கன்றுகளின் நாடு என்று பண்டையோர் பொருள் கூறியது காளையோடு நன்கு இயைகின்றது. முடிவில் உரோமர் குடியுரிமை கொடுத்தே அப்போரைத் தணித்தனர். ஆக, இத்தாலியரை ஒரு மக்களாக்கியது குருதியன்று, சட்டம் என்க. புதுச்சேரியார்க்கு இது புதிதன்று. 1881 ஆம் ஆண்டு ஆணையின்படி பழைய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் புதுக் குடும்பப்பெயர் பூண்டதையும், அவர் வழியினர் பலர் இன்றும் பிரெஞ்சுக் குடிகளாயிருப்பதையும் நாம் கண்முன் காண்கின்றோம்.

உறுப்பினர் ஏட்டைப் பற்றிய இரண்டாம் வினாவிற்கு யாம் கூறவிருப்பதைக் குலவுதியு என்னும் பேரரசனே முன்னர்க் கூறிவிட்டான். அவன் எத்ரஸ்கர் சரித்திரத்தை இருபது பகுதிகளாக எழுதியவன், அந்நூல் மறைந்தது. கி.பி. 48 இல் கௌல நாட்டுத் தலைவர்களை உரோமப் பெருமன்றத்தில் உறுப்பினராக்க வேண்டுமென்று அவன் கேட்டபோது, அயலாரை நம்மோடு இருத்துவதா என்று பழங்குடியினர் எதிர்த்தனர். தன் குலமுதல்வனே சபீன நாட்டிலிருந்து வந்து உரோமனானவன் என்றும், பண்டை அரசருள் வெளியிலிருந்து வந்தார் இருந்தனர் என்றும் எடுத்துக்காட்டி அவன் அம்மன்றத்தை இணங்கச் செய்தான். அப்பேச்சு வெட்டப்பட்ட வெண்கலத் தகடு 1528 இல் பிரெஞ்சு நாட்டு இலியோன் நகரில் அகப்பட்டது. இப்பேச்சு நிகழ்ந்த நூற்றாண்டிலேதான் அரெஸ்ஸோக் கலங்கள் நம் கரையில் இறங்கின. பேரரசின் மன்றம் பொறுத்துக்கொண்டதை நம் சங்கத்தின் ஏடு பொறுக்கலாகாதோ? தாயின் குலம் கேட்டு ஒருவன் பெயரை அடிப்பது தகாது என்பதே எம் கருத்து. இதனைச் சங்கத்தார் எழுத்திற் பதிந்துகொள்ளலாம்.

உரோமர்க்குத் திரோய் நகரத்து வீரன் ஒருவனை முன்னோனாக்கிக் காவியம் பாடிய வெர்ஜீல், மாந்துவா நகரின் அருகே பிறந்தவர். அக்காவியத்திலேயே தம்மூர் மூவினத்தார் கூடிய ஊர் என்று அவர் சொல்லிவிட்டார்! அந்நிலப்பகுதிக்குக் கி.பி. 568 இல் வடக்கிருந்து இலொம்பார்தர் என்னும் செர்மானியக் குடியார் வந்திறங்கினர். 774 வரை இத்தாலியில் அவர் ஆட்சி நிலவிற்று, மொழி அழிந்தது, பெயர்மட்டும் இலொம்பார்தி என நாட்டின்மேல் நின்றது. அம்மாந்துவாப் பக்கத்துக் காஸ்தில்யோனே ஊரில் 1680 இல் பிறந்தவரே நம் வீரமாமுனிவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அவர் உடலில் எத்ரஸ்கர் பங்கு எத்துணை, கௌலர் பங்கு எத்துணை, இலொம்பார்தர் பங்கு எத்துணை என்று தமிழ் கற்பார் எவரும் கேட்டதில்லை.

தெற்கே சிசிலித் தீவின் கதை இன்னும் விரிந்தது. அதன் தலைநகர் பலெர்மோவைப் பினீசியர் நிறுவினர். 831 இல் அராபியரும் 1072 இல் நார்மானியரும் அதனைக் கைக்கொண்டனர். 1149 இல் மகனொருவன் தன் தாய்க்கு அங்கே நட்ட கல்லறைக்கல்லில், ஒரே செய்தி இலத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழிகளிலும், எபிரேய எழுத்தால் எழுதிய அரபிலும் வெட்டப்பட்டிருக்கின்றது. தாயை நினைக்க அவனுக்கு நான்கும் வேண்டியிருந்தன.

இத்தாலி ஓரரசாயது 1861 இல். உரோமாபுரி சேர்ந்தது 1870 இல். அன்று பொது இத்தாலிய மொழியைப் பேச வல்லார் நூற்றுவரிற் பதின்மருக்கு மேற்படார் என மொழியறிஞர் கணிக்கின்றனர். இன்றும் தென்கோடிச் சிற்றூர்கள் சிலவற்றிற் கிரேக்கமும், பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து குடியேறியோர் ஊர்களில் அல்பானியமும் வழங்குகின்றன. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளை ஏற்றுக் காக்கின்றது. 1876 முதல் நூறாண்டுகளில் ஏறத்தாழ இரண்டரைக் கோடி இத்தாலியர் வறுமையால் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். பின்னர்க் காற்று மாறி வீசிற்று.

அக்காற்றில் ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பலர் 1980 களிலிருந்து பலெர்மோவிற் குடியேறினர். அந்நகரின் காவற்புனிதை ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெகிரீனோ மலைமேல் உள்ளது. அத்தமிழருள் கிறித்தவரேயன்றிச் சைவரும் அம்மலையேறி அவளை வணங்குகின்றனர். அவர் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் இத்தாலியமும் பேசி வளர்ந்து வருகின்றனர்.