கார் கூரை பாதியில் நிற்கிறதா? ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

செலாயாங்: பிற்பகல் 4 மணி. செலாயாங், பத்துமலை, கெப்போங் வட்டாரங்களில் வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கும் நேரம். கூரையைத் திறந்துவைத்து வந்த கார் ஒன்றின் ஓட்டுநர் அவசரமாகப் பொத்தானை அழுத்துகிறார். பின்பக்கம் மோட்டார் உறுமுகிறது. கூரை பாதி எழுந்து அப்படியே நின்றுவிடுகிறது.

பழைய கன்வெர்ட்டிபிள் கார் வைத்திருப்போர் பலருக்கு இது தெரிந்த காட்சிதான். புதிதாக இருந்தபோது நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத விலையில் விற்ற இக்கார்கள், 15, 20 ஆண்டுகளுக்குப் பிறகு சாதாரணக் காரின் விலைக்கே கிடைக்கின்றன. ஆசைப்பட்டு வாங்கும் இளைஞர்களும் உண்டு. ஆனால், காரின் விலை இறங்கினாலும் அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை.

கூரை நின்றதும் “பம்ப் போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்” என்ற பதில் வருவதுண்டு. சில வேளைகளில் அது உண்மையாக இருக்கும். பல வேளைகளில் பம்ப் நன்றாகவே இருக்கும். ஏதோ ஒரு சிலிண்டருக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வளையம்தான் தேய்ந்திருக்கும். எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் பாகங்களை மாற்றுவது, கூரை எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் வீட்டுக் கூரை முழுவதையும் மாற்றுவதற்குச் சமம்.

கூரையைத் தூக்குவது எது?

பூட்டில் உள்ள உறைக்குப் பின்னால், அல்லது பின் இருக்கைக்கு அருகில், மின் மோட்டாரும் பம்பும் எண்ணெய்த் தொட்டியும் ஒரே பெட்டியாக இருக்கும். பொத்தானை அழுத்தியதும் பம்ப் எண்ணெயை மெல்லிய குழாய்களின் வழியே சிலிண்டர்களுக்குத் தள்ளுகிறது. சிலிண்டரில் உள்ள தண்டு நீண்டும் சுருங்கியும் கூரையையும் பூட்டின் மூடியையும் அசைக்கிறது.

17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கிய விதிதான் இதற்கு அடிப்படை. அடைத்துவைத்த திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் இயந்திரக் கையும், மண் கொட்டும் லோரியின் தொட்டியும், பட்டறையில் காரைத் தூக்கும் ஜேக்கும் இதே விதியில்தான் இயங்குகின்றன.

கார் கூரையில் அழுத்தம் 100 பார் அளவையும் தாண்டலாம். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மீது 100 பார் அழுத்தம் விழுந்தால், அது 300 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தூக்கும் விசையாகிறது. அந்த விசையைத் தாங்கி எண்ணெயை வெளியே விடாமல் பிடித்துவைப்பவை சில ரப்பர், பிளாஸ்டிக் வளையங்களே.

மின்விசையால் இயங்கும் கூரைகள் எல்லாமே ஹைட்ராலிக் அல்ல. மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் மடங்கும் கடினக் கூரை மின் மோட்டார்களாலேயே இயங்குகிறது. அதில் எண்ணெய் கசிய வழியே இல்லை. 1996-இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., முதல் தலைமுறை பி.எம்.டபிள்யூ. இசட்4, 2002-இல் வந்த டைஹட்சு கோபென் போன்றவை ஹைட்ராலிக் வகை. எனவே உங்கள் கார் எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கசிவுக்கு என்ன காரணம்?

முதல் காரணம் வயது. சில கார்களின் சிலிண்டர்களில் பாலியூரித்தேன் என்ற பொருளாலான சீல்கள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் இவற்றில் சில வகைகள் இளகி, பிசுபிசுத்து, நொறுங்கிப் போகும். நம் நாட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. வெயிலில் நிறுத்திய காரின் கூரை ஓரம் எவ்வளவு சுடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, பயன்படுத்தாமல் விட்டுவைப்பது. மாதக்கணக்கில் கூரையை அசைக்காமல் இருந்தால் சீல் காய்ந்து, ஒரே நிலையில் இறுகிவிடும். பிறகு ஒருநாள் திடீரென இயக்கும்போது கிழியும்.

மூன்றாவது, தேய்மானம். கூரை மடங்கும் ஒவ்வொரு முறையும் குழாய்களும் வளைந்து நிமிர்கின்றன. கீலுக்கு அருகில் உராயும் இடத்தில் குழாய் மெலிந்து வெடிக்கலாம்.

எங்கே பார்க்க வேண்டும்?

கசிவு பெரும்பாலும் நான்கு இடங்களில் ஏற்படும். சிலிண்டரிலிருந்து தண்டு வெளிவரும் வாய், குழாய் இணையும் முனை, வளையும் இடத்தில் உள்ள குழாய், பம்பின் அடிப்பகுதி.

இவற்றில் பலரையும் திகைக்க வைப்பது முன்பக்கக் கசிவு. 1989 முதல் 2001 வரை தயாரான மெர்சிடிஸ் எஸ்.எல். போன்ற கார்களில், கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும் சிலிண்டர் ஓட்டுநரின் தலைக்கு மேலேயே இருக்கிறது. அது கசிந்தால் வெயில் மறைப்புப் பலகையிலும் சட்டையிலும் எண்ணெய் சொட்டும். மழைநீர் ஒழுகுகிறது என்று பலர் தவறாக எண்ணுவதும் இங்கேதான். தொட்டுப் பார்த்தால் வழுக்கும், துணியில் கறை நிற்கும் என்றால் அது மழைநீர் அல்ல.

வெளியே ஒரு சொட்டும் தெரியாத கசிவும் உண்டு. பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால், எண்ணெய் சிலிண்டருக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவும். தொட்டியில் எண்ணெய் குறையாது. ஆனால் உயர்த்திய கூரை மெல்லத் தானாகவே இறங்கும்.

கசிவா, மின்கோளாறா?

பொத்தானை அழுத்தியும் மோட்டார் ஓசையே இல்லை என்றால் எண்ணெயைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பலவீனமான பேட்டரி, எரிந்த ஃபியூஸ், கூரையின் நிலையை உணரும் சிறு சுவிட்ச், பூட்டில் சரியாக விரிக்கப்படாத தடுப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் கூரை அசையவில்லை அல்லது வழக்கத்தைவிட மிக மெதுவாக அசைகிறது என்றால் எண்ணெய் குறைவு, காற்றுப் புகுதல், பம்ப் தேய்மானம் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி, கூரை கோணலாக எழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் இரும்புச் சட்டமே வளைந்துவிடும்.

முதல் தலைமுறை இசட்4 காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் கூரை மோட்டார் மழைநீர் வடியும் பாதைக்கு அருகில் உள்ளது. இலையும் தூசியும் வடிகாலை அடைத்தால் நீர் தேங்கி மோட்டாரையே மூழ்கடிக்கும். நம் ஊர் மழைக்கு இது சாதாரண ஆபத்தல்ல. எந்தக் கன்வெர்ட்டிபிள் காராக இருந்தாலும் வடிகால் துளைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது செலவில்லாத பாதுகாப்பு.

எண்ணெய் மாறினால் எல்லாம் கெடும்

தொட்டியில் எண்ணெய் குறைந்திருந்தால் கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது. இந்தத் தவறுதான் சிறிய செலவைப் பெரிய செலவாக்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்கக் கார்களில் கூரையை இயக்கப் பிரேக் எண்ணெயையே பயன்படுத்தினர். அது கசிந்த இடத்தில் காரின் சாயத்தை உரித்தது. பின்னர் தானியங்கி கியர்பெட்டிக்கான எண்ணெய்க்கு மாறினர். இன்றைய ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்கு அவற்றுக்கே உரிய கனிம அல்லது செயற்கை ஹைட்ராலிக் எண்ணெய் தேவை.

டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. கனிம எண்ணெய்க்கான சீல்கள் அதில் ஊறினால் உப்பி, மென்மையாகிக் கெட்டுவிடும். பிரேக் எண்ணெய்க்கான சீல்களில் கனிம எண்ணெய் பட்டாலும் அதே கதிதான். தவறான எண்ணெயை ஊற்றினால், கசிந்த ஒரு சீலுக்குப் பதிலாக எல்லாச் சீல்களையும் மாற்ற நேரிடும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், காரின் கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயையே வாங்க வேண்டும்.

கசிவை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் கலவைகள் சீலைச் சற்று உப்பச் செய்து தற்காலிகமாக அடைக்கலாம். கிழிந்த சீலை அவை ஒட்டவைப்பதில்லை.

சரிசெய்யும் முறை

முதலில் உறைகளைக் கழற்றி, எண்ணெய் படிந்த இடங்களை நன்றாகத் துடைக்க வேண்டும். பின்னர் கூரையை ஓரிரு முறை இயக்கி, எந்த இடம் மீண்டும் நனைகிறது என்று வெள்ளைத் தாளையோ அட்டையையோ வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும் என்பதால், நனைந்த இடங்களில் மிக உயரமானதே கசிவின் தொடக்கம். தெரியாவிட்டால், அந்த எண்ணெய்க்குப் பொருந்தும் ஒளிரும் சாயத்தைக் கலந்து புறஊதா விளக்கில் பார்க்கலாம்.

இடம் தெரிந்த பிறகு, கையேட்டின்படி அழுத்தத்தை முழுமையாக வெளியேற்றி, குழாய்களை அடையாளமிட்டு, சிலிண்டரைக் கழற்றலாம். கழற்றிய சிலிண்டருக்குப் புதிய சீல் போட முடியும். லோரி, மண்வாரி இயந்திரங்களின் ஹைட்ராலிக் சிலிண்டர்களைப் பழுதுபார்க்கும் கடைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல உள்ளன. ஆனால், அளவு மட்டும் பொருந்தினால் போதாது; சீலின் பொருளும் கடினத்தன்மையும் எண்ணெய்க்கும் அழுத்தத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். தண்டில் கீறலோ துருவோ இருந்தால், புதிய சீலையும் அது சில வாரங்களில் அறுத்துவிடும்.

ஹாஃப்-கட் கடையில் கிடைக்கும் பழைய சிலிண்டர் மலிவுதான். ஆனால், அதன் சீலுக்கும் உங்கள் சீலின் வயதே இருக்கக்கூடும். சீல் மாற்றிய பிறகே பொருத்துவது நல்லது.

பொருத்தி முடித்ததும் எண்ணெய் ஊற்றி, கூரையைப் பலமுறை திறந்து மூடினால் பெரும்பாலான கார்களில் காற்று தானாகவே வெளியேறும். அளவைப் பார்க்கும்போது கூரை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். தண்டுகள் நீண்டிருக்கும்போது தொட்டியில் எண்ணெய் குறைவாகவும், சுருங்கியிருக்கும்போது அதிகமாகவும் தெரியும். தவறான நிலையில் நிரப்பினால் மறுநிலையில் வழிந்துவிடும். இடையிடையே மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு தவறுகள்

கசிவைத் தேட விரலால் குழாயைத் தடவக் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் குறைவாக இருக்கலாம். ஆனால், உள்ளே தசை அழுகி விரலையே இழக்க நேரிடலாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, அழுத்தத்தில் இருந்த எண்ணெய் உள்ளே புகுந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பாதி எழுந்த கூரைக்கு அடியில் கையையோ தலையையோ வைக்கவும் கூடாது. குழாயைக் கழற்றியதும் அது விழலாம். உறுதியான முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வழியில் நின்றுவிட்டால், கையேட்டில் உள்ள அவசர முறைப்படி இருவர் சேர்ந்து மெல்ல மூடுவதே பாதுகாப்பு.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

கசியும் இடத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல ஃபோர்மன் எவரும் இவற்றைக் கேட்டால் கோபப்படமாட்டார்.

தவறான வேலைக்குப் பணம் வாங்கி, தீர்வும் தர மறுத்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி; வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே பேசப்போவது உங்கள் ரசீதும் எழுத்து மதிப்பீடும்தான்.

வீட்டிலேயே வேலை செய்வோர் வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெய், நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 306 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. மூடியுள்ள கலனில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்கலாம்.

இத்தகைய காரை வாங்க நினைப்போர், விலை பேசும் முன் கூரையைத் தொடர்ந்து மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். பூட்டின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்; முன் சட்டத்தின் ஓரத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய்க் கறை தெரிந்தால், பழுதுச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டியது அப்போதுதான். கையெழுத்திட்ட பிறகு அல்ல.