இடுப்புத்தளக் கைமுறை இயன்முறை சிகிச்சை

உடலுறவின்போது வலியால் அவதிப்படும் பெண்களுக்கு, இறுகிய இடுப்புத்தளத் தசைகளைக் கையால் தளர்த்தும் மருத்துவ முறை.

காரணங்கள்: பிரசவத் தையல் தழும்பு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்தல்), மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, பிறப்புறுப்பு வாயில் நரம்புகளின் மிகையுணர்வு, அச்சம் முதலியன. வலியை எதிர்பார்த்துத் தசை இறுகும். இறுக்கம் வலியை மேலும் கூட்டும்.

முறை: தொற்று முதலியவை இல்லையென மருத்துவர் உறுதிசெய்தபின், பயிற்சி பெற்ற இயன்முறையாளர் பெண்ணின் சம்மதத்துடன், கையுறை அணிந்து, வெளியிலும் யோனிக்குள்ளும் வலிமுடிச்சுகளை மெல்ல அழுத்தி விடுவிப்பார்; தழும்பை நீவி இளக்குவார். மூச்சுப்பயிற்சி, தசை இயக்கத்தைக் கருவியில் காட்டும் பயோஃபீட்பேக், படிப்படியாகப் பருமன் கூடும் விரிப்பான்கள் ஆகியவையும் சேரும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் வெளியிட்ட தசைச் சுருக்கப் பயிற்சி, ஏற்கெனவே இறுகிய தசைக்குப் பொதுவாக உகந்ததல்ல.

சான்று: கனடாவில் 212 பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 10 வாரப் பன்முக இயன்முறை சிகிச்சை லிடோகெய்ன் எனும் மரப்புக் களிம்பைவிட வலியை நன்கு குறைத்தது.

மலேசியா: இயன்முறையாளர் தொழில் 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்துக்கு உட்பட்டது, பதிவு கட்டாயம். ஜொகூர் மாநிலம் பெக்கோக் போன்ற சிற்றூர்ப் பெண்கள் அரசுச் சுகாதார நிலையத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் மாவட்டத் தலைநகர் சிகாமட்டின் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். பேறுகாலத்துக்குப் பின் செய்யப்படும் ‘உருட்’ எனும் மலாய் மரபு உடம்புப்பிடி இதனின்று வேறானது. அது இச்சிகிச்சைக்கு மாற்றாகாது.