மா. கிருஷ்ணனின் லென்சும் படம் என்னும் சான்றும்

பந்திப்பூர், குண்டலுபேட்டை வட்டத்தில் உள்ளது. அக்காட்டிலும் அதையொட்டிய முதுமலையிலும் யானைகளைப் படமெடுத்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வண்ணப்படச் சுருள் பரவிய பின்னரும் அவர் கறுப்பு-வெள்ளையைக் கைவிடவில்லை. பல கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கருவியை அமைத்து, அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டார்.

இதைத் தனிமனித விநோதமாக மட்டும் காண்பது போதாது. கறுப்பு-வெள்ளையில் மஞ்சள் ஃபில்டர் நீலவானைக் கருமையாக்கி மேகத்தை எடுத்துக்காட்டும். ஆனால் ஒளியில் ஒரு பகுதியைத் தடுப்பதால் ஏறத்தாழ இருமடங்கு எக்ஸ்போஷர் வேண்டும். மரநிழலில் அசையும் யானை அதற்கு இடங்கொடுக்காது. தொலைவிலிருந்து டெலிஃபோட்டோ லென்சால் எடுத்தால், முன்னும் பின்னுமாக நிற்பவை நெருங்கி நிற்பதாகத் தோன்றும். மந்தையின் இடைவெளியை அப்படத்தைக் கண்டு மதிப்பிட்டால் பிழை நேரும்.

1968இல் நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தவரின் படங்கள் அழகுப்பொருள்கள் மட்டும் அல்ல, சான்றுகளும் ஆகும். கல்வெட்டாய்வாளர் மைப்படியின் தரத்தை வினவுவதுபோல், பழைய காட்டுயிர்ப் படங்களை ஆள்வோர் எந்த லென்சு, எந்த ஃபில்டர் என்று வினவ வேண்டும். அக்குறிப்பற்ற படம், இடம் குறிக்கப்படாத மைப்படியைப் போன்றது.