கடாரத்து மண்ணில் மனவடக்கம்: தோட்ட வாழ்வும் தியானமும்



2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஆண்டுதோறும் டிசம்பர் 21ஆம் நாளை உலகத் தியான நாளாகக் கடைப்பிடிக்கத் தீர்மானித்தது. அதன் பின்னர் தியானம் பற்றிய பேச்சு பள்ளிகளிலும் கூடுதலாகவே கேட்கிறது. 'மாணவர்களை அமைதிப்படுத்தத் தியானம் கற்பிக்கலாமே' என்று பெற்றோர் சிலர் கூறுகின்றனர். 'தோட்டத்தில் காலை முதல் மாலை வரை உழைத்த நம்மவர்க்குத் தியானம் எங்கே தெரியும்? அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு' என்று வேறு சிலர் ஒதுக்கிவிடுகின்றனர்.

இவ்விரு கருத்துகளையும் கெடா மாநிலத் தோட்டத் தமிழர்தம் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அஞ்சி அடங்குதல் வேறு; அறிந்து அடங்குதல் வேறு. இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுத் தருவது நம் மாநிலத்தின் வரலாறே.

சொல்லும் பொருளும்

தியானம் என்பது வடசொல். அதற்கு ஊழ்கம் என்னும் தமிழ்ச்சொல்லும் வழக்கில் உண்டு. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட யோக நெறியை விரித்துரைக்கிறார். அந்நெறியில் தியானம் ஏழாவது படியாகும். இயமம், நியமம் எனப்படும் அன்றாட ஒழுக்கங்களே முதலிரண்டு படிகள். கண்ணை மூடி அமர்வதற்கு முன்பே, கண் திறந்திருக்கும் நேரத்தில் எப்படி வாழ்கிறோம் என்ற வினா எழுந்துவிடுகிறது.

திருவள்ளுவரும் அடக்கமுடைமை, வெகுளாமை ஆகிய அதிகாரங்களை அறத்துப்பாலில் வைத்தார். ஆனால், கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். குடியை விடுதல் தனி மனிதனின் தூய்மையோடு முடிந்துவிடுவதன்று, நாட்டையும் பொருளையும் சார்ந்த செய்தியாகவும் அது எண்ணப்பட்டது என இதனால் கொள்ளலாம். இவ்வமைப்பின் பொருத்தத்தைக் கெடாத் தோட்டங்களின் கதை பின்னர் மெய்ப்பித்துக் காட்டும்.

கடாரத்தின் பழைய கல்

கெடாவின் பழம்பெயர் கடாரம் என்பதை நம் மாணவர்கள் அறிவர். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்ததையும் பாடநூலில் படித்திருப்பர். ஆனால், படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இம்மண்ணில் மனத்தைப் பற்றிய சிந்தனை கல்லில் எழுதப்பட்டுவிட்டது. குவாலா மூடாப் பகுதியில், புக்கிட் மெரியாம் என்னுமிடத்தில் கிடைத்த பௌத்தக் கல்வெட்டொன்றை 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்பவர் வெளியுலகுக்கு அறிவித்தார். அது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அறியாமையால் வினை பெருகுகிறது, அறிவால் அது அறுகிறது என்பதே அதில் காணப்படும் கருத்தின் சுருக்கம்.

அதே பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக் நகருக்கு அருகே புக்கிட் பத்து பகாட் சண்டி எனப்படும் சிவன் கோவிலின் அடித்தளத்தை இன்றும் காணலாம். கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்ததை ஆனைமங்கலச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. ஆகவே, கப்பலில் வந்தவை துணியும் மணியும் மட்டுமல்ல. மனத்தை அடக்கும் நெறிகளும் இக்கடல் வழியே போய் வந்தன.

பிரட்டுக்களத்தின் மௌனம்

1909ஆம் ஆண்டு ஆங்கிலேய-சயாம் ஒப்பந்தத்தின்வழிக் கெடா, சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்கிற்குள் வந்தது. அதனைத் தொடர்ந்து சுங்கைப் பட்டாணி, பிடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியேறினர்.

விடியுமுன் மணியடிக்கும். பிரட்டுக்களத்தில் பெயர் வாசிக்கப்படும். பின்னர் பால்மரக் காட்டுக்குள் ஒருவர்க்குச் சில நூறு மரங்கள். மரத்துள் அழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த விடியற்பொழுதில்தான் பால் நன்கு வடியும். அதனால்தான் அத்துணை விரைவு. பால்வெட்டும் கத்தி பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். சற்று ஆழ்ந்தால் உள்ளிருக்கும் வளர்படலம் காயமுற்று, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். சற்று மேலாகச் சீவினாலோ பால் குறையும். அரையிருட்டில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான முறை அதே கவனத்தோடு கை இயங்கவேண்டும்.

'இதுவும் தியானந்தானே' என்று சொல்லத் தோன்றும். ஆயினும் அவ்வாறு சொல்லி முடித்துவிடுவது அறமாகாது. அந்தக் கவனத்தின் பயன் மங்கில் பாலாகச் சேர்ந்து முதலாளியிடம் சென்றது. பிரட்டுக்களத்தில் நிலவிய மௌனத்தில் அச்சமும் கலந்திருந்தது. கங்காணியின் குரலுக்கும் துரையின் பார்வைக்கும் அஞ்சித் தலை குனிந்து நிற்பதை மன அமைதி என்று எவ்வாறு கூறுவது?

தோட்ட நிருவாகம் தொழிலாளரின் களைப்புக்குக் காட்டிய மருந்து வேறு. அதுதான் கள்ளுக்கடை. சட்டத்தின் இசைவோடு தோட்டங்களிலேயே கள்ளுக்கடைகள் நடந்தன. உழைத்த கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. மனத்தை ஆள்வதற்குப் பதிலாக மனத்தை மறக்கச் செய்யும் வழியை அக்கடை அருகிலேயே திறந்து வைத்திருந்தது.

விரதம்: மக்கள் கண்ட வழி

இத்தகைய சூழலிலும் மக்கள் தமக்கெனச் சில நாள்களை மீட்டுக்கொண்டனர். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா, தீமிதி, தைப்பூசம், சுங்கைப் பட்டாணி சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தானத்தின் சித்திராப் பௌர்ணமி ஆகியவை வந்தால் காப்புக் கட்டி விரதம் இருப்பர். புலால் இல்லை, கள் இல்லை, கடுஞ்சொல் இல்லை. தரையில் பாய் விரித்து உறங்குவர். வேலை மட்டும் நிற்காது. அதே மரம், அதே கத்தி, அதே வாளி. ஆனால், உள்ளே ஓர் எண்ணம் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும்.

தனியறையும் ஆசிரமமும் இல்லாத மக்கள் வேலைநாளுக்குள்ளேயே அமைத்துக்கொண்ட பயிற்சி இது. குடிப்பழக்கம் உள்ளவரும் அந்நாள்களில் கடைப்பக்கம் போகமாட்டார். 'விட முடியும்' என்பதை அவருடைய உடலே அவருக்குக் காட்டிவிடும். திருவிழா முடிந்ததும் பலர் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். எனினும், தன்னைத்தான் ஆள முடியும் என்று ஒருமுறை அறிந்த மனிதன், பிறர் தன்னை ஆளும் முறையைப் பற்றியும் கேள்வி கேட்கத் தொடங்குகிறான்.

தொண்டர் படை

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது ஈண்டு நினைக்கத்தக்கது. போராட்டம் படையைக் கொண்டு ஒடுக்கப்பட்டது. அதன்பின் சப்பானியர் ஆட்சியும் சயாம் மரண இரயில் பாதையும் எண்ணற்ற தமிழ்க் குடும்பங்களைச் சிதைத்தன.

போர் ஓய்ந்தபின் கெடாவில், பிடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாட்டு உணர்வு அன்று இளைஞர் உள்ளங்களில் மறையாதிருந்தது. இளைஞர்கள் அணிவகுப்புப் பயின்றனர், குடியை விட்டனர், தோட்டங்கள்தோறும் சென்று மதுவிலக்கைப் பரப்பினர், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்து நடந்தனர். மதுவிலக்கில் தொடங்கிய எழுச்சி கூலி, மதிப்பு, உரிமை பற்றிய பேச்சாக வளர்ந்தது. 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் காவல் துறையோடு மோதல்கள் மூண்டன. உயிரிழப்பு நேர்ந்தது, பலர் கைதாகிச் சிறை சென்றனர், இயக்கம் ஒடுக்கப்பட்டது.

குடியை விட்ட தொழிலாளியால் யாருக்கு என்ன தீங்கு? நல்லொழுக்கம்தானே என்று மகிழ்ந்திருக்கலாமே! ஆனால், தெளிந்த தலையோடு நிற்கும் தொழிலாளி கணக்குக் கேட்பான். வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

ஒன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். குடித்தவர்களைத் தொண்டர் படையினர் தண்டித்ததும் உண்டு. அச்சத்தால் குடியை விட்டவன் அச்சம் நீங்கினால் மீண்டும் குடிப்பான். வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு உள்ளிருந்து எழும் அடக்கத்திற்கு ஈடாகாது என்ற பாடமும் அதே வரலாற்றில் அடங்கியுள்ளது.

உழைப்போரிடையே வளர்ந்த நெறி

தியானம் வேலையற்றோரின் கலை என்னும் கருத்தை மறுக்க, அண்மைக்கால வரலாற்றிலேயே பல சான்றுகள் உண்டு. பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர் 1913இல் மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையொன்றில் பணியாற்றினார். பின்னர் ஜொகூரிலும் பணிபுரிந்தார். பத்தாண்டுகளுக்குப் பின் நாடு திரும்பித் துறவு பூண்டு, சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். இல்லறத்தார் நாள்தோறும் தம் நடத்தையைக் குறிப்பேட்டில் எழுதிச் சரிபார்க்கவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய எளிய பயிற்சியாகும். இந்நாட்டில் பிறந்த சுவாமி சத்தியானந்தர், போருக்குப் பின் சுத்த சமாஜத்தைத் தோற்றுவித்து, ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணுவதையும் ஆன்மிகத்தையும் ஒரே பணியாக நடத்தினார்.

மனவளக்கலையை வகுத்த வேதாத்திரி மகரிசி (1911-2006) நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தாமும் தறியில் அமர்ந்து உழைத்தவர். அண்டை நாடான பர்மாவில் ஊ பா கின் என்பவர் கணக்காயர் தலைவராக அரசுப் பணியாற்றியவாறே தம் அலுவலக ஊழியர்க்கு விபசனா தியானம் கற்பித்தார். வடலூர் வள்ளலாரோ 1867இல் தருமச்சாலையில் அடுப்பை மூட்டிப் பசித்தோர்க்கு உணவளித்தார்; சத்திய ஞான சபையைத் திறந்தது அதன் பின்னர், 1872இல்தான். பசித்த வயிற்றுக்குத் தியானத்தை உபதேசிக்காத அவ்வரிசைமுறை நாம் பின்பற்றத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

இன்று கெடாவில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் தோன்றின. லயத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் நகரத்து அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். பிரட்டு மணி இல்லை. கைப்பேசி மணி உண்டு. மனத்தை மறக்கச் செய்யும் கடையும் இப்பொழுது உள்ளங்கையிலேயே திறந்திருக்கிறது. ஆகவே, பயிற்சியின் தேவை குறையவில்லை.

வகுப்பறையில் பாடம் தொடங்குமுன் மூன்று மணித்துளிகள் போதும். முதுகு நிமிர அமர்ந்து, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் செய்யலாம். எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம், அதில் குற்றமில்லை. எந்தச் சமயத்துப் பிள்ளையும் தயக்கமின்றிச் செய்யக்கூடிய பயிற்சி இது.

இதனைத் தண்டனையாக மட்டும் ஆக்கவேண்டா. 'சத்தம் போட்டாய், போய்த் தியானம் செய்' என்று சொல்லும் நொடியில் வகுப்பறை பிரட்டுக்களமாகிவிடுகிறது. பசியோடு வரும் பிள்ளையிடம் முதலில் கேட்கவேண்டியது, 'சாப்பிட்டாயா?' என்பதே. மௌனம் முடிந்ததும் பிள்ளைகளைப் பேசவிடவேண்டும். இன்று மனத்தில் என்ன ஓடியது என்று கேளுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கும் இடந்தாருங்கள். அமைதிக்குப்பின் தெளிவான கேள்வி ஒன்று பிறந்தால், அப்பயிற்சி பலித்தது என்று கொள்ளலாம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையை மட்டும் அமரச் சொல்லிவிட்டு நாம் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால் அது வெறும் கட்டளையாகும். விளக்கேற்றும் வேளையிலோ, உணவுக்கு முன்னரோ, கைப்பேசிகளை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் குடும்பமாகச் சில நிமிடம் அமர்ந்திருங்கள். உறங்குமுன், இன்று சினந்து பேசியது எப்பொழுது என்று பெரியவர் முதலில் சொல்லட்டும். பிள்ளை தானாகவே சொல்லும்.

நம் பாட்டன் பாட்டியர் அடக்கத்தை இருவகையாகவும் அறிந்திருந்தனர். பிரட்டுக்களத்து அடக்கம் அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. காப்புக் கட்டிய நாளின் அடக்கமோ அவர்களே தேர்ந்தெடுத்தது. நம் பிள்ளைகளுக்கு எதனைக் கொடுக்கப்போகிறோம் என்பதை, நாளைக் காலை முதற்பாடவேளை தொடங்குமுன் ஒவ்வோர் ஆசிரியரும் எண்ணிப் பார்ப்போமாக.